வழக்கம்போலத் தூங்குங்கள்

தையலக்காவுக்குத் தூக்கம் என்பது கல்யாணத்தோடு முடிந்துபோன சமாச்சாரம். புருஷன் பஸ் டிரைவர். அவர் குறட்டை விட்டால், வண்டியை வீட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் பண்ணிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் கிண்டலடிப்பார்கள். அவளுக்குக் குறட்டை தொந்தரவே இல்லை. அது நின்றால்தான் பயம். நின்ற மூச்சு திரும்பி வரக் கொஞ்சம் தாமதித்தாலே, பாதித் தூக்கத்திலேயே கையை நீட்டி அவர் தோளை உலுக்குவாள். "ஏங்க, திரும்பிப் படுங்க." அவரும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். எத்தனை தடவை என்று காலையில் கேட்டால் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது.

பகலெல்லாம் தையல் மெஷின் முன்னால் ஆடி விழுவாள். ஒருமுறை சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

டிரைவர் ஒருநாள் சிக்னலில் கண்ணயர்ந்துவிட்டார். டெப்போவில் உடனே தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வேலை போய்விடுமோ என்று மனுஷன் நடுங்கிப் போனார். ஆஸ்பத்திரி டெக்னீஷியன் நெஞ்சுக்கு ஒரு பட்டையும், விரலுக்கு ஒரு கிளிப்பும், சின்ன மைக்கும் கொடுத்தனுப்பினார். "ராத்திரி பூரா பதிவாகும். ஏஐ படிச்சுச் சொல்லிடும். நீங்க வழக்கம்போல தூங்குங்க, போதும்."

வழக்கம்போலவே தூங்கினார்கள், இரண்டு பேரும்.

மூச்சுக் கோளாறு இல்லை, அடிக்கடி புரண்டு படுப்பதால் தூக்கம் கெடுகிறது என்று முடிவு வந்தது. வேலை தப்பிய சந்தோஷத்தில் டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா? நீ உலுக்கி உலுக்கித்தான் என் தூக்கம் போச்சு. இனிமே முன்னறையில படு. நீயும் நிம்மதியா தூங்கு."

கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே. பாவி மகள், நம்பிவிட்டாள். முன்னறையில் பாய் போட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். முகம் தெளிந்தது. "என்னக்கா, வயசு குறைஞ்சுக்கிட்டே போகுது?" என்று கேட்டவர்களிடம் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் டீயோடு போய் எழுப்பினாள். உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்துவைத்தவர் என்றார்கள் வந்தவர்கள். அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கூட்டம் கலைந்த பிறகு டெக்னீஷியனைத் தேடிப் போனாள். "ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, தம்பி?"

அவர் பதிவைத் திறந்து பார்த்தார். மூச்சு தேயத் தொடங்கும் இடத்திலெல்லாம் உடம்பு அசைந்திருந்தது. புரண்டு படுத்தார் என்று கம்ப்யூட்டர் குறித்திருந்தது. அவர் சத்தத்தைக் கூட்டினார். குறட்டை வந்தது. நின்றது. மேஜைமேல் இருந்த அவள் கை தானாக முன்னால் நீண்டது. கம்ப்யூட்டரிலிருந்து அவள் குரலே கேட்டது:

"ஏங்க, திரும்பிப் படுங்க."

டெக்னீஷியன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். "நீங்க... ராத்திரி பூரா எழுப்பிக்கிட்டே இருந்தீங்களாம்மா? பக்கத்துல யாரு படுப்பாங்கன்னு நாங்க கேக்கவே இல்லையே."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் புருஷன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

"அத இன்னொரு தடவ போடுங்க, தம்பி" என்றாள்.