சித்திரை வெயிலில் கவாத்து

போடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஜமீன் காலத்துப் பூங்கா ஒன்று இருக்கிறது. நாகலிங்கம், பன்னீர் மரம், கிள்ள ஆளில்லாமல் தலைக்கு மேலே போய்விட்ட குரோட்டன்ஸ். நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம். வெயில் காலத்தில் அதன் அடியை விட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரரைச் சாயங்காலம் அங்கே கூட்டிப்போவது என் பொறுப்பு. ஆயுசு முழுக்க மலையில் ஏலத்தோட்ட மேஸ்திரியாக இருந்தவர். மூச்சிரைப்புக்குக் குளிர் ஆகாது என்று டாக்டர் கீழே இறக்கிவிட்டார். இறங்கியது உடம்பு மட்டும்தான். மழைக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், கவாத்து வேலை இருக்கிறது என்பார் தினமும். மழைக்கு முன்பு நிழல் மரங்களின் கிளையைக் கழித்தால்தான் ஏலச்செடிக்கு வெளிச்சம் இறங்கும். செடி பிழைத்துக்கொள்ளும், இவர் ஏறினால் உயிரோடு திரும்புவாரா என்பதுதான் என் பயம். அதைச் சொன்னால் சண்டைதான்.

பூங்காவிலும் அண்ணாந்து கிளைகளைத்தான் பார்ப்பார். இவ்வளவு இருட்டு ஆகாது என்று முணுமுணுப்பார். உங்கள் செடியெல்லாம் எந்தப் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது என்று கேலி செய்வேன். சிரிக்க மாட்டார்.

சித்திரையில் ஒருநாள், நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், கிளை வெட்ட மலையிலிருந்து கொண்டுவந்த வாக்கத்தியோடு கிளம்பிவிட்டார். விஷயம் தெரிந்து ஓடினேன். பெஞ்சு மேல் ஏறி நின்று, கைக்கு எட்டிய கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளியிருந்தார். மூச்சு இரைத்தது. ஆனால் முகத்தில் அப்படியொரு திருப்தி. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

பெஞ்சுகளில் வெயில் சுள்ளென்று அடித்தது. கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் மத்தியானச் சோற்றுக்கு வழக்கமாக வருகிற இடம் அது. தூக்குவாளியோடு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஏசப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள்.

"அண்ணே, செடிக்கு வெயிலு வேணும்னு மலையில வெட்டுவீக. இங்க செடி எங்கண்ணே இருக்கு? நாங்கதான இருக்கோம்."

அவர் பெஞ்சைப் பார்த்தார், அவர்கள் கையிலிருந்த சோற்றைப் பார்த்தார். மெதுவாக இறங்கி, வாக்கத்தியை அவளிடம் நீட்டினார்.

"நீயே கொண்டுட்டுப் போ ஆத்தா. எனக்கு இனி மலையில சோலி இல்ல."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைக்கத்தான் நான் அத்தனை மாதமாக மல்லுக்கட்டினேன். வந்ததும் தாங்க முடியவில்லை. கத்தியை அவளிடமிருந்து பிடுங்கி அவர் கையிலேயே திரும்பக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது.