பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தோம்

மூன்று வருடம் முன்பு, தை மாதம், புதுவயலில் நடந்தது. எங்கள் அரிசி ஆலை லோடுமேன்களுக்கும் பக்கத்து ஆலைக்காரர்களுக்கும் கால்பந்து. ஏழு பேர் ஆட்டம். நான் கோலி, கோல் காப்பவன். டீமுக்குப் பொறுப்பும் நான்தான்.

தொடங்கி வைக்கக் கூப்பிட்ட பெரிய மனிதர் வரவில்லை. அந்த நேரம் எனக்குத் தெரிந்த கார் டிரைவர் ஒரு வெள்ளைக்காரரோடு வந்து இறங்கினான். கானாடுகாத்தான் ஹோட்டலில் தங்கியிருப்பவர். கிரீஸ் நாடாம். அறுபது வயது இருக்கும். பந்தைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னாராம். அவரையே சிறப்பு விருந்தினர் ஆக்கிப் பொன்னாடை போர்த்தினோம்.

முதல் பந்தை விருந்தினர் உதைப்பார். கோலி ஒதுங்கி நின்று கோல் விழ விட வேண்டும். அதுதான் வழக்கம். ஒதுங்கினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தார். வெளியே போகிற மாதிரி போன பந்து வளைந்து மேல் மூலையில் விழுந்தது. காற்று என்று நினைத்தேன். கை தட்டினோம்.

எங்கள் ஆள் ஒருவன் லாரியோடு போய்விட்டான். ஆறு பேர்தான் இருந்தோம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு மைதானத்தைக் காட்டினார். விருந்தாளியை ஓட விடுவதா? கும்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். இடைவேளையில் மறுபடி எழுந்து வந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்து இளநீர் கொடுத்தேன்.

ஒரு கோலில் தோற்றோம்.

டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணே, இவரு அவுக ஊரு கிளப்புல பதினஞ்சு வருசம் ஆடுனவராம். நாட்டு டீமுக்கும் எடுத்திருக்காக. அங்க ஒரு நாள்கூட உள்ள எறக்கலையாம். பெஞ்சுலயே உக்கார வச்சு அனுப்பிட்டாகளாம்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?"

"எனக்கே இப்ப எந்திரிக்கையிலதான் சொன்னாரு. இங்கயும் பெஞ்சுதானான்னு கேட்டுச் சிரிச்சாருண்ணே."

பந்தை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். பந்தை நீட்டினேன். வாங்கி, விரலால் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மதுரையில் விமானம் பிடிக்க வேண்டும் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

இப்போது மைதானத்து ஓரம் யார் வந்து நின்றாலும், "ஆட வாரீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலி போடுகிறேன்.