அம்புக்குறிக்குப் பேய் பிடித்தது

வீடு கட்டுவதற்கான படங்கள் வரைந்து கொடுப்பதுதான் அவளுடைய பிழைப்பு. படுக்கையறையை ஒட்டிய சிற்றறையில் ஒரு கணினி, ஒரு நாற்காலி. கணவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு குடும்பமே அந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தது. அவனுக்கோ வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுவான், ஜன்னலைத் திறப்பான், உடனே மூடுவான்.

அன்று காலை மேஸ்திரிக்குப் படம் போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மவுஸ் மக்கர் பண்ணியது. படத்தில் மாடிப்படிமேல் கொண்டுபோய் வைத்தால் அம்புக்குறி சமையலறைக்குத் துள்ளியது. கையை எடுத்தபிறகும் தானாக ஊர்ந்தது.

அடியில் வெளிச்சம் வரும் துளையைத் துடைத்தாள். கீழே வெள்ளைத் தாள் விரித்தாள். வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினாள். கணினியை அணைத்துப் போட்டாள். ம்ஹூம். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத மவுஸ்! வயர் இல்லாத பழையது, ஒரு தடவை அழுத்தினால் இரண்டாக எடுத்துக்கொள்கிறது என்றுதான் இதை வாங்கியிருந்தாள்.

போன் அடித்தது. “என்னம்மா, படம் வருமா வராதா? ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க,” என்றார் மேஸ்திரி.

“இதோ அனுப்பிட்டே இருக்கேண்ணே,” என்று கூசாமல் புளுகிவிட்டுப் போனை வைத்தாள். “என்னங்க, இங்க வாங்களேன்! இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு!”

பக்கத்து அறையிலிருந்து கணவன் ஓடிவந்தான். கையில் பழைய மவுஸ்.

“சரியாயிடுச்சு! காலைலேர்ந்து இதத்தான் நோண்டிட்டிருந்தேன். பட்டனுக்குக் கீழ தகடு வளைஞ்சிருந்துச்சு. இப்ப கேளு சத்தத்த!” உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

அவள் படத்தில் கோடுகளை அழிக்கும் கருவியை எடுத்து வைத்திருந்த நேரம். திரையில் ஒரு சுவர் காணாமல் போனது.

இருவரும் விழித்தார்கள். அவள் மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். பழைய மவுஸின் சமிக்ஞையை வாங்கும் குட்டி ரிசீவர் கணினியின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அங்கே உருட்டியதெல்லாம் இங்கே ஆடியிருக்கிறது!

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவனோ பரீட்சையில் தேறிய பையனைப்போல நின்றான். இந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

“குடுங்க,” என்று அதை வாங்கிக்கொண்டு, புதியதின் வயரைப் பிடுங்கினாள். சுவரைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஒரு தடவை அழுத்தினால் ஒன்றுதான். படம் மேஸ்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

“நல்லாருக்கா?” நாற்காலிக்குப் பின்னால் கால் மாற்றி நின்றபடி கேட்டான்.

“ரொம்ப நல்லாருக்கு. போய்க் கொஞ்சம் உக்காருங்க.”

அவனா உட்காருவான்? மத்தியானத்துக்குள் மேசை விசிறி கூடத்தில் பிரிந்து கிடந்தது. அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசிறி.