எம்.காம். படித்தவனுக்கு நீச்சல் பாடம்

எங்கள் வீட்டில் வேலை என்றால் சர்க்கார் வேலை. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. நான் சிடியாதாப்பு கடற்கரையில் டூரிஸ்டுகளைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய், பவளப்பாறை காட்டி, உயிரோடு மேலே கொண்டுவந்து சேர்க்கிறேன். வீட்டு காஸ் சிலிண்டர் என் சம்பளத்தில்தான் வருகிறது. ஆனாலும் எங்கள் பத்துபஸ்தித் தெருவில் யாராவது விசாரித்தால் அம்மா சொல்வாள்: "மூத்தவ சும்மாதான் இருக்கா. சின்னவன் எம்.காம். முடிச்சிட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறான்."

கல்லூரி விட்டதிலிருந்து படிக்கிறான் என் தம்பி. கிளார்க், ஸ்டோர் கீப்பர், ஃபாரஸ்ட் கார்டு, எதையும் விடவில்லை. லம்பா லைனில் ஒரு கான்ட்ராக்டர் கணக்கு எழுதக் கூப்பிட்டார். "ப்ரைவேட்ல போய் உக்காந்தா படிச்சதெல்லாம் மறந்துரும்" என்று அப்பா தடுத்துவிட்டார். அவர் துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து அவர் எதை மறக்காமல் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் லஸ்கர் போஸ்ட் வந்தது. கப்பலில் கயிறு இழுத்துக் கட்டுகிற வேலை. பத்தாம் வகுப்பு போதும். நீச்சல் தெரிய வேண்டும். தம்பிக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதையும் விட்டால் இனி எந்த போஸ்டுக்கும் மனுப் போட முடியாது.

அன்றைக்குத்தான் வீட்டுக்கு உறைத்தது, அவனுக்கு நீச்சல் தெரியாது. சுற்றிலும் கடல். பிறந்து வளர்ந்தது இங்கே. சுனாமிக்குப் பிறகு அம்மா எங்களை முட்டிக்கு மேல் நனைய விட்டதில்லை. நான் வேலைக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். அவன் உட்கார்ந்து படித்தான்.

"நீதான் கத்துக்குடுக்கணும்" என்றார் அப்பா.

"நான் சும்மாதானே இருக்கேன்? குடுக்கறேன்."

டெஸ்ட் எங்கே, எப்படி என்று ஆபீஸில் கேட்கச் சொன்னேன். அப்பா பதறினார். "நேரா போய்க் கேட்டா பேரை அடிச்சிருவாங்கம்மா. அதெல்லாம் உள்ள இருந்து தெரிஞ்சுக்கணும்." உள்ளே என்பது அவரோடு ரிட்டையர் ஆன இன்னொரு கிளார்க். அவர் அடித்துச் சொன்னார்: "போட் நிக்கிற ஜெட்டி மேடையில இருந்து கடல்ல குதிக்கணும், அடுத்த போட்டைத் தொடணும். பக்கா." அந்த ஆள் ஆபீஸ் வாசலை மிதித்தே பல காலம். ஆனால் எங்கள் தீவில் உள்தகவலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

லீவு நாளெல்லாம் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில், முதலை வராமலிருக்க வலை கட்டிய இடத்துக்குள் அவனை இறக்கினேன். முதல் நாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"அக்கா, விட்டுராத!"

"விடுடா தடியா, நான் செத்துருவேன்! எம்.காம்.ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"தியரி மட்டும்தான்."

பயல் மெல்ல மிதந்தான். பிறகு கையை வீசினான். கடல் நல்ல கடல், யாரையும் லேசாகத் தூக்கிப் பிடிக்கும். கடைசி வாரத்தில் வலை வரைக்கும் போய்த் திரும்பினான். நானே கைதட்டினேன், வெட்கமில்லாமல்.

டெஸ்ட் நடந்தது நீச்சல் குளத்தில்.

கம்பி வேலிக்கு வெளியே நான் நின்றேன். அவன் முறை வருவதற்குள் ஒரு பி.டெக், ஒரு எம்.ஏ. இந்தி, ஒரு ஹோட்டல் மேனேஜ்மென்ட் நீந்தி முடித்தார்கள். தம்பி குதித்தான். உப்புத் தண்ணீர் தூக்கிய அளவுக்கு அந்தத் தண்ணீர் தூக்கவில்லை. கால் கீழே போக ஆரம்பித்தது. "காலை உதறுடா, காலு!" என்று கத்தினேன். பாதி தாண்டினான். முக்கால் வந்தான். அதற்கு மேல் முடியாமல் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டான்.

கம்பியைப் பிடித்தால் ஃபெயில். விசில் ஊதினார்கள். "அரே பாய், பஸ், போதும். நெக்ஸ்ட்!"

வீட்டில் அம்மா அழுதாள். அப்பா ஆபீஸைத் திட்டினார். "உப்பில்லாத தண்ணியில விட்டா எவன் நீந்துவான்? கேஸ் போடணும்." உள்தகவல் கொடுத்தவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி தலையைத் துவட்டியபடி, "வயசு முடிஞ்சிருச்சுப்பா, இனி எதுக்கும் போட முடியாது" என்றான். அப்பா டி.வி.யைப் போட்டார். சத்தத்தை வைக்கவில்லை.

மறுநாளே அவன் லம்பா லைன் கான்ட்ராக்டரிடம் போனான். கணக்கு எழுத வேறு ஆள் வந்தாயிற்று. சிமென்ட் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்களாம். சரி என்று வந்துவிட்டான். "டெம்பரரிதான்" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்தார். எது வரைக்கும் டெம்பரரி என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

அடுத்த லீவு நாளில் என் ஸ்கூட்டர் பக்கத்தில் துண்டோடு நின்றான்.

"எந்த போஸ்டுக்குடா?" என்றேன்.

"எதுக்கும் இல்லக்கா. சும்மா நீந்தணும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் எங்கே போயிருந்தான் இவன்? "டீ நீதான் வாங்கித் தரணும்" என்று வண்டியைக் கிளப்பினேன். கடலில் இறங்கி மல்லாந்து மிதந்தவன், டீ குடிக்க நான் எவ்வளவு கூப்பிட்டும், "இன்னும் கொஞ்ச நேரம்க்கா" என்று கரைக்கு வரவில்லை.