அப்பாவின் நனையாத முழங்கால்கள்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அப்பா அவர்களின் ஓராண்டு நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும், அவரது ஒரே மகனாகிய நான் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட விரும்புகிறேன். அப்பா நிம்மதியாகப் போனார். அதை இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்பதற்காகவே இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பா யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதில் இழந்ததால் பள்ளிக்கூடம் போகவில்லை. மீசை அரும்பும் வயதில் ரெயில்வேயில் கூலியாளாகச் சேர்ந்தார். மாங்குளத்துக் காட்டுப் பாதையில் தண்டவாளத்துக்குக் கல் கொட்டுவதும் சிலிப்பர்க் கட்டை மாற்றுவதும் அவர் வேலை. அங்கே மலேரியாவில் விழுந்து கிடந்தபோது, தொழிலாளரிடையே ஊழியம் செய்ய வந்த பப்டிஸ்ட் போதகர் ஒருவர் பக்கத்திலிருந்து கொயினா மருந்து கொடுத்துக் கஞ்சி பருக்கிப் பிழைக்க வைத்தார். சைவராகப் பிறந்த அப்பா விசுவாசத்துக்கு வந்தது அப்படித்தான்.

எங்கள் சபையில் குழந்தைகளுக்குத் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் இல்லை. விசுவாசித்தவர் தானே முன்வந்து, உடல் முழுவதும் நீரில் அமிழ்ந்து எழும்ப வேண்டும். அந்த வருடமோ குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் எஞ்சினுக்குத் தண்ணீர் விடும் செங்கல் தொட்டி ஒன்றில் மட்டும் கொஞ்சம் நீர் இருந்தது. அப்பா வாசல்களில் குனிந்து நுழையும் உயரம். தொட்டியோ குட்டை. போதகர் அவரைச் சாய்த்தபோது தலையும் மார்பும் அமிழ்ந்தன, முழங்கால் இரண்டும் மேலே நின்றன. மறுபடி அமுக்குவதற்குள் ரெயில் கூவிக்கொண்டு வந்துவிட்டது.

“எஞ்சினுக்குத் தண்ணி வேணும், கெதியா வெளிய வாங்கோ!” என்று ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினார். போதகர் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லி முடித்தார். கரையில் நின்ற கூட்டாளி கந்தையா மாமா விட்ட பகிடிதான் ஆயுள் முழுதும் நிலைத்தது. “டேய், உன்ர முழங்கால் ரெண்டும் இன்னும் சைவமடா!”

அம்மாவும் சும்மா விடுவதில்லை. அப்பா முழங்காலிட்டு ஜெபிக்கும்போது, “பாத்து, அதுகள் ரெண்டும் கோவிச்சுக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போயிடும்” என்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

சிரித்தபடியே அவர் பட்ட பாடு பெரிது. வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்தார். எனக்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்பதற்காகச் சுருட்டை விட்டார். தன் பெயரை எழுதத் தெரியாதவர் என்னைப் பொறியியலாளன் ஆக்கினார். அம்மா காலமான பிறகு, வேலைக்காக சிட்னிக்கு வந்திருந்த நான் அப்பாவையும் அழைத்துக்கொண்டேன்.

சிட்னிப் புறநகரான பென்டில் ஹில்லில் எங்கள் வீடு ரெயில் பாதைக்குப் பக்கம். அப்பா யன்னலோரம் கதிரை போட்டிருந்து போகிற ரெயிலுக்கெல்லாம் கை காட்டுவார். சில சாரதிகள் ஹோர்ன் அடித்துப் பதில் சொல்லத் தொடங்கினார்கள். “ரெயில்வேக்காரர் எங்க இருந்தாலும் எங்கட ஆக்கள்தான்” என்பார்.

பிறகு டொக்டர் இருதயம் பலவீனம் என்றார். அன்று அடுப்படியில் நின்ற என்னிடம் குசினிக்குள் வந்து அப்பா கேட்டார்.

“தம்பி, அம்மா கடலில முழுக்க நனைஞ்சவ. நான் அரைகுறை. அங்க வாசல்ல வைச்சு, முழங்கால் காஞ்சு கிடக்கு, நீ மற்றப் பக்கம் போ எண்டா என்ன செய்யிறது?”

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

சபைப் போதகரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒஸ்திரேலியர். நான் மொழிபெயர்க்க, கடைசிவரை சிரிக்காமல் கேட்டார். “ஒருமுறை பெற்றது பெற்றதுதான். நான் இரண்டாம் முறை கொடுத்தால், அன்று அந்தப் போதகர் செய்தது பொய் என்றாகிவிடும்” என்றார். அப்பா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு சாப்பாடு குறைந்தது. ரெயில் போனாலும் கை எழும்பவில்லை. அம்மாவை இனிக் காணப்போவதில்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டது எனக்குப் புரிந்தது.

அந்த உயிர்த்த ஞாயிறன்று, அதுவரை தள்ளிப்போட்டு வந்த நான் ஞானஸ்நானம் பெறுவதாக இருந்தது. அதற்கு முந்திய வாரம் போதகர் வீட்டுக்கு வந்தார். “தண்ணீரில் எனக்கு மறுபக்கம் நின்று பிடிக்க ஓர் ஆள் தேவை. உங்கள் அப்பா வருவாரா? தண்ணீரைச் சூடாக்கச் சொல்கிறேன்” என்றார்.

“எவ்வளவு ஆழம் எண்டு கேள்” என்றார் அப்பா.

“இடுப்பளவாம்.”

“முழங்காலுக்கு மேலயோ?”

“இடுப்பு முழங்காலுக்கு மேலதானே அப்பா.”

“பகிடி விடாத. வடிவாக் கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். போதகர் எழுந்து நின்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை என்று டொக்டரும் சம்மதித்தார்.

எங்கள் ஆலயத்தில் பிரசங்க மேடையின் பலகைகளைக் கழற்றினால் கீழே தொட்டி இருக்கிறது. அப்பா வெள்ளை வேட்டியோடு படியில் இறங்கினார். போதகர் என்னைச் சாய்த்தபோது, ஒரு பெரிய உள்ளங்கை என் முழங்கால்களைப் பிடித்து அமுக்குவதை நீருக்குள் உணர்ந்தேன். புரைக்கேறி எழும்பியபோது அப்பாவின் குரல் ஆலயம் முழுதும் கேட்டது.

“இவன்ர ரெண்டும் உள்ள போயிட்டுது!”

ஏதோ ஜெபம் என்று நினைத்துச் சபையார் ‘ஆமென்’ சொன்னார்கள்.

நான் கரையேறினேன். அப்பா ஏறவில்லை. போதகர் கை நீட்டினார். “கொஞ்சம் நிக்கிறன் எண்டு சொல்லு” என்றார் அப்பா. குனிந்து, நீருக்குள் தன் முழங்கால்களைத் தடவிக்கொண்டே நின்றார். போதகர் அவசரப்படுத்தவில்லை. இன்னொரு பாட்டைத் தொடங்கினார், அது முடியும்வரை அப்பா நின்றார். அன்று பின்னேரம் யன்னலடியில் அந்தக் கை மறுபடி எழும்பியது.

குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் கடைசியாக இருந்தபோது, “பயமா இருக்கா அப்பா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்கு? அம்மா பாத்துக்கொண்டு நிப்பா. கந்தையாவும் அங்கதான் எங்கேயாவது திரிவான். அவனுக்கு முழங்காலைக் காட்ட வேணும்.”

தண்ணீரைச் சூடாக்கித் தந்த சபைச் சகோதரர்களுக்கும், நாளாந்தம் சூப் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், தீர்ப்பையும் மாற்றாமல் அப்பாவையும் கைவிடாத போதகர் ஐயாவுக்கும், ஹோர்ன் அடித்த முகம் தெரியாத சாரதிகளுக்கும் என் மனம் நிறைந்த நன்றி.

இந்த மலர் தபாலில் ஊருக்கும் போகிறது. கந்தையா மாமாவின் பிள்ளைகளே, உங்கள் அப்பாவின் பகிடிக்கு எங்கள் அப்பா இந்நேரம் அங்கே பதில் சொல்லியிருப்பார்.