விருமாண்டியின் மிஷினுக்குப் புதுச் சக்

எண்பத்தாறில் மதுரை சிம்மக்கல்லில் டிரில்லிங் மிஷின் ரிப்பேர் என்றால் எல்லோரும் அழகுமலையைத்தான் கைகாட்டுவார்கள். மிஷினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டே, போனது கார்பனா பேரிங்கா என்று சொல்லிவிடுவான். உசிலம்பட்டியிலிருந்து பதினாறு வயதில் வந்து ஒரு பட்டறையில் பழகிய தொழில். அவனோடு அதே பட்டறையில் சேர்ந்த ஊர்க்காரன் விருமாண்டி. அழகுமலைக்கு ஒரே நாளில் பிடிபட்ட வேலை விருமாண்டிக்கு ஒரு வாரம் ஆகும்.

அந்த விருமாண்டி அரபு நாட்டில் வேலை கிடைத்துத் தோகாவுக்குப் போய் நாலு வருஷம் கழித்துத் திரும்பியபோது, பெட்டிக்குள் ஒயரே இல்லாத ஒரு டிரில்லிங் மிஷின் இருந்தது. கைப்பிடிக்குள் பேட்டரி. மதுரைக்கு வெளியே நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. வீடு முடிந்தாலும் கரண்ட் வர மாசக்கணக்காகும். மற்றவர்கள் காத்துக்கிடக்க, விருமாண்டி பாட்டுக்குக் கதவுக்குத் தாழ்ப்பாளும் ஜன்னலுக்குக் கொக்கியும் மாட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு விசேஷ வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வந்த செல்லத்தாய், சோறு போட்டுக்கொண்டே புருஷன் அழகுமலையிடம் சொன்னாள்: "துப்பாக்கி மாதிரி புடிச்சு அமுக்குறாரு, கதவுல ஓட்ட விழுந்துருது! நீங்க இம்புட்டு வருசமா மிஷினோட மல்லுக்கட்டுறீங்களே, இப்பிடி ஒண்ணப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அழகுமலைக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

ஆடியில் ஒரு நாள் விருமாண்டியே கடைக்கு வந்தான். ஏணியிலிருந்து மிஷின் விழுந்து, துளை போடும் பிட்டைக் கவ்வும் சக் கோணிப்போயிருந்தது. ஓடவிட்டால் பிட் குடிகாரன் மாதிரி ஆடியது.

"மாப்ள, நீதான் பாக்கணும்" என்றான்.

அழகுமலை மிஷினைக் கையில் வாங்கினான். முதல் தடவையாகத் தொடுகிறான். எடையே இல்லை. சக்கின் அளவு கண்ணுக்கே தெரிந்தது. அதே அளவுச் சக் ஒன்று மேசை டிராயரில் கிடந்தது. வாய் மட்டும் வேறு சொன்னது.

"ஃபாரின் சாமான். இதுக்கு இங்க சக் ஏது? வச்சிட்டுப் போ, மெட்ராஸ்ல விசாரிக்கிறேன்."

விருமாண்டி தலையாட்டிவிட்டுப் போனான். அன்று முழுக்க அழகுமலை விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தான்.

மூன்று வாரம் கழித்து, பம்ப் மோட்டார் வைக்க இடம் பார்க்கச் சொல்லி, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் பிலோமினாள் நாகமலையில் கட்டிய புது வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். போனால், அங்கே விருமாண்டி! கையால் சுற்றுகிற பழைய டிரில்லை நெஞ்சில் முட்டுக்கொடுத்துக் கதவில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. விழுந்த தூளை அவனே துடைப்பத்தால் கூட்டி அள்ளினான்.

"மிஷின் ரிப்பேராம், ரெண்டு நாள் கூட ஆகும்னு முன்னாடியே சொல்லிட்டார்" என்றார் டீச்சர். "ஆகட்டும்னுட்டேன். சொன்ன நேரத்துக்கு வர்றார், தாழ்ப்பாள் சத்தமில்லாம விழுது. மிஷின் என்னத்துக்கு? எங்க தெருவில மூணு வீட்டுக்கு இவரைத்தான் சொல்லியிருக்கேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அழகுமலைக்கு வயிறு எரிந்தது. மிஷின் இருந்தவரையில், எல்லாம் அந்த மிஷினால் வந்த பேர் என்று நினைத்துக்கொள்ளவாவது வழி இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. மிஷினைச் சரிபண்ணி அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். பார்க்கிறவர்கள் மறுபடி மிஷினைப் புகழட்டும், அவனை வேண்டாம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் அந்த வேலையில்தான் உட்கார்ந்தான். சக்கின் வாயை விரித்துப் பார்த்தால், அடியில் ஒரு சின்ன ஸ்குரூ. அவன் பார்த்த மிஷின் எதிலும் அந்த இடத்தில் ஸ்குரூ கிடையாது. வழக்கம்போல இடப்பக்கம் திருகினான். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருக, ஸ்குரூவின் தலை லேசாக மழுங்கியது. கையை எடுத்துவிட்டான்.

அப்புறம்தான் யோசித்தான். இந்த மிஷின் முன்னாலும் சுற்றும், பின்னாலும் சுற்றும். பின்னால் சுற்றும்போது சக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளத்தானே இந்த ஸ்குரூ? அப்படியானால் இதன் மரை தலைகீழாகத்தான் இருக்க வேண்டும். வலப்பக்கம் திருகினான். முனகிக்கொண்டே கழன்றது. சக்கில் ஒரு எல் வடிவச் சாவியைக் கவ்வவைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. பழைய சக்கும் இடப்பக்கம் சுழன்று வந்துவிட்டது. டிராயரில் இருந்த புதுச் சக் அளவெடுத்ததுபோல ஏறியது. ஸ்குரூவை இடப்பக்கம் திருகி முடுக்கினான். ஓடவிட்டபோது பிட் நூல் பிடித்தமாதிரி நின்றது. அந்த ஒரு நிமிஷம் யார் மிஷின் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

சாயங்காலம் விருமாண்டி வந்து அமுக்கிப் பார்த்தான்.

"ஆடவே இல்லயே மாப்ள!" என்றவன், சக்கைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "டிராயர்ல கெடந்ததுதானே இது?"

அழகுமலை டிராயரைத் தள்ளி மூடினான்.

"அன்னைக்கே பாத்தேன். டிராயரத் தொறந்துதானே வச்சிருந்த."

"பெறகு ஏண்டா கேக்கல?"

"என்னத்தக் கேக்குறது? நானா இருந்தாலும் இப்பிடித்தான் ரெண்டு நாள் போக்குக் காட்டியிருப்பேன். நீ மூணு வாரம் ஆக்கிட்ட, அம்புட்டுத்தான்."

சிரித்துக்கொண்டே டீ சொல்லப் போய்விட்டான். சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் அழகுமலைக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். பெருந்தன்மையிலும் அவன் ஒரு படி மேலே போய்விட்டானே என்று அதற்கும் சேர்த்துப் புகைந்தது.

அதற்குப்பின் வெளிநாட்டிலிருந்து அந்த மாதிரி மிஷின் யார் கொண்டுவந்தாலும், ரிப்பேருக்கு விருமாண்டி நேராகச் சிம்மக்கல்லுக்குத்தான் அனுப்பினான். அன்று டீ குடிக்கும்போது கேட்ட ஸ்குரூ கதையை வைத்து, உள்ளே இருக்கும் ஸ்குரூவை எந்தப் பக்கம் திருகுவதென்று மதுரையில் அழகுமலை ஒருத்தனுக்குத்தான் தெரியும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தான். வந்தவர்கள் அதை அப்படியே ஒப்பிக்கும்போது அழகுமலைக்கு உள்ளூர இனிக்கும். சொல்லி அனுப்பியது யார் என்பது நினைவுக்கு வந்ததும் கொஞ்சம் கசக்கும்.