ஆடி பிறப்பதற்குள் ஒரு திறப்பு விழா

கிள்ளையிலிருந்து தினமும் பஸ் பிடித்து, சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் தனியார் பொறியியல் கல்லூரிக்குப் பாடம் நடத்த வருகிறாள் சந்திரலேகா. அவள் வீட்டில் இன்ஜினியரிங் படித்த முதல் ஆள் அவள்தான். கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "ரிக் ஓடட்டும், அப்பறம் பாக்கலாம்" என்பாள். ரிக் என்றால், காற்றை அழுத்தித் தள்ளும் மையவிலக்குக் கம்ப்ரஸரை ஓட்டிப் பார்த்து ஆராயும் சோதனை அமைப்பு. அவளுடைய டாக்டர் பட்டம் அதை நம்பித்தான் இருந்தது.

வடிவமைப்பு முழுக்க அவளுடையது. காற்று நேராக உள்ளே போக நீளமான குழாய் வேண்டும் என்று சுவரையே இடிக்க வைத்தாள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தது மட்டும் எலக்ட்ரிக்கல் ஆளான நான். அதற்கே என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள்.

கடைசியில் ஒரு வால்வு வரவில்லை. வெளியேறும் வழி அடைபட்டால், அழுத்தப்பட்ட காற்று திரும்பிப் பாய்ந்து இயந்திரத்தையே உலுக்கிவிடும். அப்போது தானாகத் திறந்து காப்பாற்றும் வால்வு அது. "அது வராம ஓட்ட வேணாம் சார்" என்று துறைத்தலைவர் சடையப்பனிடம் கெஞ்சினாள்.

"ஆடி பொறந்துட்டா ஒரு மாசம் தள்ளிப்போயிடும்மா. சேர்மன் ஒத்துக்க மாட்டாரு. சும்மா ரெண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டு, போதும்."

வெளிவழியை முழுக்கத் திறந்துவைத்துத்தான் ஓட்டுவேன் என்று சொல்லி, அரை மனதாக ஒப்புக்கொண்டாள்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் கம்ப்ரஸருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. விழா என்றால் எங்கள் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும்! சேர்மன் பொத்தானை அழுத்தினார். சத்தம் வந்தது, வெளிவழி திறந்திருந்ததால் அழுத்தம் காட்டும் முள் மட்டும் அசையவில்லை.

"என்னய்யா, ஓடுதா ஓடலியா?" என்றார் சேர்மன்.

சடையப்பனுக்கு முகம் செத்துப்போனது. ஓடிப்போய் வெளிவழியைத் தன் கையாலேயே திருகி மூடினார். முள் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். "சார், தொறங்க!" என்று அவள் கத்தியது யாருக்குக் கேட்டது? இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. நான் மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள் உள்ளே சுழலும் சக்கரம் உறையில் உரசி உடைந்துவிட்டது.

"திருஷ்டி கழிஞ்சிதுன்னு நெனச்சுக்கம்மா" என்றார் சடையப்பன். வடிவமைப்பில்தான் கோளாறு என்று நிர்வாகத்திடம் சொன்னவரும் அவர்தான். நான் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன்; யாரும் காதில் வாங்கவில்லை. புதுச் சக்கரம் வாங்கித் தரவில்லை. பட்டத்துக்கான கெடுவும் முடிந்துபோனது.

போன வாரம் முதலாண்டுப் பிள்ளைகளை, ரிக் ஓடாமல் கிடக்கும் அந்த அறைக்கு அழைத்துப் போனாள். நானும் கூட இருந்தேன்.

"இத யாரு மேடம் டிசைன் பண்ணது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"தெரியலம்மா. நான் வர்றதுக்கு முன்னாடி யாரோ பண்ணிருக்காங்க" என்றாள் சந்திரலேகா.